தலைமாட்டுப் பக்கம்

யாராவது புதிதாக வீட்டுக்குள் வந்தால் அந்த அக்கா முகத்தைப் பார்க்கமாட்டாள். முதலில் காலைப் பார்ப்பாள். அங்கிருந்து மெல்ல மேலே ஏறி உச்சந்தலையில் வந்து நிற்கும் அந்தப் பார்வை. பிறகுதான் "வாங்க" என்பாள். கல்யாணமான கையோடு ஒரு டிரங்குப் பெட்டியும் பாயும் தலையணையுமாக நான் கண்டிக்கு வந்து, கட்டுக்கலையில் அந்த வீட்டுப் படியேறிய அன்று எனக்கும் அதே மரியாதை கிடைத்தது. பார்த்து முடித்துவிட்டு என் புருஷனிடம், "குட்டதான். ஒன் தோளுக்கு வருவாளா தம்பி?" என்று கேட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அப்படி அளந்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. வீட்டின் முன்னறை எங்களுக்கு, பின்னறை அவளுக்கு, பின்வாசலை ஒட்டிய சமையலறை இரண்டு பேருக்கும் பொது. என் புருஷன் குருணாகல் பஸ்ஸில் கண்டக்டர். அக்கா தனிக்கட்டை. டவுன் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுத்துப் பிழைத்தாள். புருஷன் இருந்தானா, போனானா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் அவள் பதில் சொல்லுகிற ரகமில்லை.

சமையலறையை அடைத்துக்கொண்டு ஒரு பலகை கிடந்தது. இரண்டு தடித்த மரக்கால்களின் மேல் படுத்திருந்த முழுப் பலாப் பலகை. மூன்று விரல் தடிப்பு இருக்கும். காய் வெட்டுவது, மாவு பிசைவது, மீன் கழுவி வைப்பது எல்லாம் அதன் மேல்தான். பிரச்சினை அதன் நீளம். அந்தச் சின்ன அறைக்கு அது துளியும் பொருந்தவில்லை. ஒரு முனை அடுப்போடு முட்டும், மறுமுனை பின்வாசலுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வருகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பி வர வேண்டும். மறந்து நேராக வந்தால் இடுப்பில் வாங்க வேண்டும். வந்த புதிதில் என் இடுப்பில் கன்றிய நீலம் மாறியதே இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவளை முதுகுக்குப் பின்னால் 'பலகை அக்கா' என்றுதான் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அந்தப் பலகைக்கு இருந்த சட்டதிட்டம் வெள்ளைக்காரத் துரை பங்களாவில்கூட இருந்திருக்காது. சூடான சட்டியை வைக்கக்கூடாது, புரிமணை போட்டுத்தான் வைக்க வேண்டும். தண்ணீர் சிந்தினால் அந்த நிமிஷமே துடைக்க வேண்டும். புளி கரைத்த சட்டி பக்கத்திலேயே வரக்கூடாது. கழுவியதும் வெயிலில் காய வைக்கலாமா என்றால் கூடாது, நிழலில் காற்றாட நிற்க வேண்டும். வெயில் பட்டால் வளைந்துவிடுமாம். மாதத்துக்கொரு தரம் என் புருஷனைக் கூப்பிட்டுப் பலகையைக் குப்புறப் புரட்டுவாள். ஒரே பக்கம் எந்நேரமும் ஈரம் குடித்தால் மரம் கோணிப் போகும் என்பாள். "ஒரு பக்கமாவே படுத்துக் கெடந்தா மனுசனுக்கே முதுகு புண்ணாயிருது. மரம் மட்டும் சும்மா இருக்குமா?"

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒருநாள் நான் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்து முனையில் வெட்ட உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, அங்கன வெங்காயம் வெட்டாத."

"ஏன் அக்கா?"

"அது தலமாட்டுப் பக்கம். மீனு, வெங்காயம், உள்ளி எல்லாம் அந்தக் கோடியில. வாசப் பக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பலகைக்கு ஏதுக்கா தலமாடு, கால்மாடு?"

"பலகைக்கு இல்ல. எனக்கு." சோறு கொதிக்கிறது என்று சொல்லுவதுபோல் சொன்னாள். "நான் செத்தா இதுதான் பெட்டி. மூணாக் கிழிச்சா அடிக்கும் மூடிக்கும் பக்கத்துக்கும் சரியா வரும். கால் ரெண்டையும் அறுத்தா தலைக்கும் காலுக்கும் அடைக்கக் காணும். தலைக்குக் கீழ மீன் நாத்தத்தோட படுத்துக் கெடக்கச் சொல்றியா என்னைய?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தியின் சவப்பெட்டியில் வெட்டிய கத்தரிக்காயை எப்படித் தின்பது? என் புருஷனிடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவருக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. "ஒரு மரம் ரெண்டு வேல பாக்குது. நமக்கென்ன நட்டம்?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். அவர் அப்படித்தான். எதையும் மனதில் போட்டுக்கொள்ளாத ஆள். நாளாக நாளாக நானும் பழகிப்போனேன். வயிறு எதற்குத்தான் பழகாது?

அந்தப் பலகையை அவள் தேர்ந்தெடுத்த கதையை மட்டும் கேட்காமலே சொல்லுவாள். கட்டுகஸ்தோட்டையில், ஆற்றோரத்தில் மரம் அறுத்து விற்கிற மரக்காலைக்கு அவளே நடந்து போனாளாம். கடைக்காரன் தேக்கைக் காட்டினான். அதன் எண்ணெய் வாசம் சாப்பாட்டில் ஏறும் என்று தள்ளிவிட்டாள். மாம்பலகையில் புழு விழும். வேப்பம்பலகையில் வெட்டிய கீரை கசக்கும். முதிரை நல்ல மரம்தான், இரும்பு மாதிரி. "ஆனா பாரம். தூக்கிட்டுப் போறவங்க வழி நெடுக என்னையத் திட்டுவாங்க." கடைசியில் பலா. கறையான் தொடாது, வாசம் ஏறாது, கத்திபட்டால் சிலும்பாது. ஓரத்தில் வெளுத்த மரம் இல்லாமல் முழுக்க வைரமாக இருக்கிறதா என்று பார்த்தாள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது இறங்குகிறதா, நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். எல்லாம் முடிந்து பலகையைச் சுவரில் சாத்தச் சொல்லி, தானும் அதன் பக்கத்தில் போய் நின்றாளாம். கடைக்காரன், "சமயலுக்கா, கதவுக்கா?" என்று கேட்டிருக்கிறான். "ரெண்டுக்குந்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் வாயோரத்தில் ஒரு சிரிப்பு தெரியும்.

அவள் நல்ல உயரம். ஆண்பிள்ளைகளிலேயே அவளுக்குச் சமமாக நிற்பவர்கள் குறைவு. எங்கள் வீட்டில் என் புருஷன் ஒருவர்தான்.

சனிக்கிழமை பலகைக்கு முழுக்கு. உப்பைத் தூவி, பாதி எலுமிச்சம்பழத்தால் இழை போகிற போக்கிலே தேய்ப்பாள். துடைத்து, உலரவிட்டு, பிறகு தேங்காயெண்ணெயில் மெழுகு உருக்கிச் சூட்டோடு சூடாகத் துணியில் தொட்டுப் பூசுவாள். மெழுகு எங்கிருந்து என்றால், கோயிலிலிருந்துதான். மாதா பீடத்தில் எரிந்து மிஞ்சிய திரிமுட்டுகளைக் கோயில்பிள்ளை அவளுக்காகச் சேர்த்து வைப்பார். துக்கப் பூசைக்குக் கொளுத்தியவையும் அதில் இருக்கும். பங்குச் சாமியார் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுவார். சனிக்கிழமைதோறும் எங்கள் சமையலறையில் பாதி கோயில் வாசமும் பாதி பலகார வாசமும் அடிக்கும்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. எண்ணெய் பூசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பலகைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

"எங்காத்தா கலஹா தேயிலத் தோட்டத்துல செத்தா. அந்த வருசம் நெறைய பேரு செத்தாங்க. பெட்டிக்கு எங்க போறது? தோட்டத்துல குடுத்த கம்பளியில சுத்தித் தூக்குனாங்க. எங்காத்தாளும் என்னைய மாதிரி ஒசரம். கம்பளி காணல்ல. தலைய மூடுனா காலு வெளிய வருது. காலு மூடுனா தலை. தலைய மூடிட்டாங்க. மழ பெஞ்சிச்சு, குழி வரைக்கும் ரெண்டு காலும் நனைஞ்சிக்கிட்டே போச்சு. செத்தவங்களுக்குக் குளிராதுன்னு கங்காணி சொன்னாரு." துணியை மறுபடி எண்ணெயில் தோய்த்தாள். "அவருக்கு எப்படித் தெரியும்?"

நான் அதற்கப்புறம் இடுப்பில் இடித்துக்கொண்டாலும் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததும் ஒரே தடவைதான். ஒரு ஞாயிறு மத்தியானம். பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, என் புருஷன் சும்மா இருக்கமாட்டாமல், துடைத்துச் சுத்தமாகக் கிடந்த பலகையில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா, எனக்கு அளவாத்தான் இருக்கு. எனக்கே குடுத்துருங்க" என்றார். நான் சிரித்தேன். நிஜமாகவே அளவாகத்தான் இருந்தது.

பின்னறையிலிருந்து வந்த அக்கா முகம் வெளுத்துப் போய் நின்றாள். அடுத்த நொடி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "எறங்குடா! எறங்கு! அறிவு கெட்டவனே, வெளையாட்டுக்குப் படுக்கிற எடமா அது?" என்று அவர் காலிலேயே நாலு போட்டாள். அவர் குதித்து இறங்கி முற்றத்துக்கு ஓடியும் விடவில்லை. உள்ளே வந்து பலகை முழுக்க உப்பைக் கொட்டித் தேய்த்தாள். அன்று சாயந்திரம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்த வைத்தாள். திரும்பி வரும்போது அவர், "அந்தத் திரிமுட்டும் அடுத்த சனிக்கிழம இந்தப் பலகைக்குத்தான் வரப்போகுது" என்று என் காதில் சொல்லிச் சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

சில வருஷம் போய், மழை பொய்த்த அந்த ஆண்டு வந்தது. மாவலி கங்கை இளைத்து, பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. குட்டையெல்லாம் கொசு. முதலில் குருணாகல் பக்கத்தில் காய்ச்சல் என்றார்கள். பிறகு பஸ் ஓடுகிற வழியெல்லாம் காய்ச்சல் என்றார்கள். வீடு வீடாகக் கொய்னா மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் பற்றவில்லை. தச்சர்கள் மேசை கதிரை செய்வதையெல்லாம் விட்டுவிட்டுப் பெட்டியே அடித்தார்கள். காய்ந்த மரம் தீர்ந்து பச்சை மரத்தில் அடித்தார்கள். அதுவும் தீர்ந்து தேயிலைப் பெட்டிப் பலகையைப் பிரித்து அடித்தார்கள். ஒருநாள் எங்கள் வாசலோடு ஒரு பெட்டி போயிற்று. அடிப்பலகை தொய்ந்து, கீழே ஒருவர் கையால் தாங்கிப் பிடித்தபடி நடந்தார். அக்கா படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே வந்து தன் பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தாள். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊரே சாகும்போது இவளுக்குத் தன் பெட்டி பத்திரம்.

அடுத்த கிழமை என் புருஷன் பஸ்ஸிலிருந்து நடுங்கிக்கொண்டே இறங்கி வந்தார்.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. விடும்போதெல்லாம் பிழைத்துவிட்டார் என்று நினைப்பேன். அக்கா கடைக்காரர்களுக்குச் சோறு கட்டுவதை நிறுத்திவிட்டுக் கஞ்சி வைத்தாள், தலையில் ஈரத்துணி மாற்றினாள். ஆள் கரைந்துகொண்டே போனார். ஒருநாள் காலை, அவர் கண்ணைத் திறக்காமல் முனகிக்கொண்டு கிடக்க, குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தேன். முற்றத்து நிழலில் பலகையைத் தனி ஆளாக இறக்கி வைத்திருந்தாள். சாம்பலும் உப்பும் எலுமிச்சம்பழமுமாக வைத்துக்கொண்டு, முழங்காலில் நின்று, வாசல் பக்கத்து முனையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அல்ல.

"என்னக்கா செய்றீங்க?"

"கால்மாட்டுல மீன் வாசம் கெடக்கு. போகணும்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் கையிலிருந்த குடத்தை அவள் மேலேயே எறிந்தேன். "அவரு இன்னும் உசுரோட இருக்காரு! உசுரோட இருக்கிற ஆளுக்குப் பெட்டி கழுவுறியா, பாவி!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீங்க போய் நீ ஆனது, அக்கா போய்ப் பாவி ஆனது. அதற்காக எனக்கு வெட்கமில்லை. அந்த இடத்தில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

அவள் திட்டவில்லை. நனைந்த முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இருக்கட்டும் புள்ள. நல்லா இருக்கட்டும். எந்திரிச்சிட்டான்னா நானே இதுல திரும்பவும் மீன் வெட்டிக்கிறேன். எந்திரிக்கல்லன்னா, ஈர மரத்துல அறுக்கிற வாள் போடக்கூடாது. காயணும்." சொல்லிவிட்டு, நான் கொட்டிய தண்ணீரைப் பலகையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.

பலகை காய்ந்தது. அவர் எழும்பவில்லை.

தச்சனை அவளே எங்கிருந்தோ தேடிக் கூட்டி வந்தாள். முற்றத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாள் இழுக்கும் சத்தம் உள்ளே கேட்டது. நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். "வேணாங்க்கா. இது ஒங்களுது. ஒங்களுக்கு வச்சது. தேயிலைப் பலகையில போகட்டும், நாலு பேரு போன மாதிரி."

"அன்னைக்கே அவன் இதுல படுத்துட்டான். நான்தான் அடிச்சு எழுப்பி விட்டேன். எத்தன தடவ எழுப்பி விட முடியும்?" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு போய், அறுத்த ஒவ்வொரு பலகையிலும் அடுப்புக் கரியால் தலைப் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டாள். தச்சன் கத்தித் தழும்புகளை இழைத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம், மரம் மெலிஞ்சு போகும்" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வேறு பலகை வாங்கவில்லை. தரையில் அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு காய் அரிந்தாள். "வாங்குங்கக்கா, நானும் கட்டுகஸ்தோட்டைக்கு வாறேன்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "இனி வாங்கிக் காய வச்சு, எண்ண குடுத்து, அதுக்கெல்லாம் காலம் எங்க கெடக்கு" என்பாள். வீட்டுக்கு வருகிறவர்களைப் பாதம் முதல் உச்சி வரை அளப்பதையும் விட்டுவிட்டாள். வந்தவர்களின் முகத்தைப் பார்த்தே "வாங்க" என்றாள். அதுதான் எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நான் தையல் வேலைக்குக் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் வீட்டைவிட்டுக் கலஹாப் பக்கம் தன் சொந்தக்காரர்களிடம் போய்விட்டாள். அங்கே செத்துப்போனதாக, பேராதனை பஸ்ஸில் அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர்தான் சொன்னார். அடக்கத்துக்கு அவரும் போயிருந்தாராம். "பெட்டி வச்சாங்களா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் கவனிக்கல்லியேம்மா. அன்னைக்கு நல்ல மழ" என்றார். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி வரை போய்விட்டேன்.

அவளுக்காக நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. என் வீட்டுச் சமையல் பலகை சாதாரணப் பலகை. வெங்காயம் எங்கே வேண்டுமானாலும் வெட்டுவேன். ஆனால் சனிக்கிழமை வந்தால் கை தானாக எண்ணெயைத் தேடும்.

என் புருஷனை எடுத்துக்கொண்டு போன அன்று, எங்கள் வழக்கப்படி நான் கல்லறைக்குப் போகவில்லை. அவள் போனாள். மகியாவையில் அன்று வரிசையாகக் குழிகள். சாமியார் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே மந்திரித்தாராம். வீட்டில் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, மோட்சத்தைப் பற்றியும் கடவுள் சித்தத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதுவும் என் காதில் ஏறவில்லை. பின்வாசலில் கால் கழுவும் சத்தம் கேட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். மரக்கால் இரண்டும் இல்லாமல், பலகையும் இல்லாமல், அறை அகலமாகக் கிடந்தது. அக்கா உள்ளே வந்தாள். பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பித்தான் வந்தாள்.

என் முன்னால் வந்து நின்று, என் முகத்தைத் தன் சொரசொரத்த கையால் ஒரு தடவை துடைத்துவிட்டாள்.

"தலமாடு சரியாத்தான் இருக்கு புள்ள. காலும் உள்ளதான் இருக்கு. நான் பாத்துட்டுத்தான் மூட விட்டேன்."